மூன்று வாரம் நீடித்த வாந்தி: சிப்பிப்பாறை நாய் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

மதுரையிலிருந்து நத்தம் செல்லும் சாலையில், சத்திரப்பட்டியைத் தாண்டியுள்ள ஒரு தோட்டத்து வீட்டிலிருந்து, ஆடி மாதத் தொடக்கத்தில் மூன்று வயதுப் பெண் சிப்பிப்பாறை நாய் ஒன்று சிகிச்சைக்குக் கொண்டுவரப்பட்டது. நிறத்தை வைத்து அதற்குச் செவலை என்றே பெயரிட்டிருந்தார்கள். கருத்தடை செய்யப்படாதது, குட்டி ஈன்றதில்லை. ஊர் முகாமில் ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி மட்டும் போடப்பட்டிருந்தது. பார்வோ, டிஸ்டெம்பர், லெப்டோஸ்பைரா ஆகிய தொற்றுநோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி போட்டதே இல்லை. குடற்புழு மருந்து கொடுத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கேழ்வரகுக் கூழ், மோர்ச்சோறு, ஞாயிற்றுக்கிழமைகளில் கறிக்குழம்புச் சோறு என வீட்டாருக்கு ஆவதே நாய்க்கும் உணவு.

கணவன், மனைவி இருவரும் வந்திருந்தனர். கணவர் சொன்ன வரலாறு சுருக்கமானது: மூன்று வாரமாக விட்டு விட்டு வாந்தி, மூன்று நாளாக மோசம். நோயறிதலுக்கு உதவியது மனைவி சொன்னதுதான். நாய்க்குச் சோறு வைப்பவரும், வாந்தியைக் கழுவி விடுபவரும் அவரே. “காலையில வச்ச சோறு டாக்டர், பொழுது சாயற நேரத்துல வச்சது வச்சபடியே வந்து கெடக்கும்” என்றார். நலமான நாயின் இரைப்பை சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி உணவைச் சிறுகுடலுக்குத் தள்ளிவிடும். உண்டு எட்டு, பத்து மணி நேரம் கழித்தும் சோறு பருக்கை குலையாமல் வெளிவருகிறது என்றால், இரைப்பையின் கீழ்வாயிலில் ஏதோ தடை இருக்கிறது, அல்லது இரைப்பை அசைவதே குறைந்திருக்கிறது. அந்த ஒரு வாக்கியம் இந்த நிகழ்வின் பாதியைச் சொல்லிவிட்டது.

தொடக்கத்தில் இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறைதான் வாந்தி வந்திருக்கிறது. இடைப்பட்ட நாள்களில் நாய் ஓடியது, குரைத்தது, பசித்து உண்டது. வீட்டில் சீரகத் தண்ணீரும் ஓமத் தண்ணீரும் கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு மருந்துக் கடையில் மனிதர்களுக்கான வாந்தி மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள். அதன்பின் பக்கத்து ஊரில் இரண்டு முறை வாந்தியை அடக்கும் ஊசி போடப்பட்டது. ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் வாந்தி அடங்கி, மீண்டும் தொடங்கியது. எங்களிடம் வருவதற்கு முந்தைய மூன்று நாள்களில் குடித்த தண்ணீர்கூடத் தங்கவில்லை. வாந்தி முதலில் மஞ்சளாகவும், கடைசி நாளில் பழுப்பாகவும் நாற்றத்தோடும் வந்தது. மலம் கழிக்கவில்லை. முன்பு ஏறத்தாழ 18 கிலோ இருந்ததாகச் சொல்லப்பட்ட நாயின் எடை அன்று 15 கிலோ.

பரிசோதனை

உடல் வெப்பம் 102.2 டிகிரி ஃபாரன்ஹீட். நாய்க்கு 100.5 முதல் 102.5 வரை இயல்பு என்பதால் காய்ச்சல் இல்லை. இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 150. ஈறு ஈரமின்றிப் பிசுபிசுத்தது. விரலால் அழுத்திவிட்டால் நிறம் திரும்ப மூன்று விநாடி ஆனது. இயல்பாக இரண்டு விநாடிக்குள் திரும்ப வேண்டும். தோள்பட்டைத் தோலைத் தூக்கி விட்டபோது அது மெதுவாகவே அடங்கியது. இவற்றை வைத்து நீரிழப்பு உடல் எடையில் ஏறத்தாழ 8 சதவீதம் என்று கணித்தோம். வாயைத் திறந்து நாக்கின் அடிப்பகுதியையும் பார்த்தோம். பூக்கட்டிய நூலோ தையல் நூலோ விழுங்கப்பட்டிருந்தால், சில சமயம் அது நாக்கின் வேரில் சுற்றிக்கொண்டு நிற்கும். பூனைகளில் இது அதிகம். நாய்களில் நூல் பெரும்பாலும் இரைப்பையின் கீழ்வாயிலில் மாட்டும். மல்லிகைச் சரம் இல்லாத வீடு இல்லாத ஊரில் இதைப் பார்க்காமல் விடக் கூடாது. இந்த நாயின் வாயில் எதுவும் இல்லை.

வயிற்றை இரு கைகளாலும் மெல்ல அழுத்தியபோது, நடுப்பகுதிக்கு வந்ததும் நாய் முதுகை வளைத்து வயிற்றை இறுக்கிக்கொண்டது; தலையைத் திருப்பி என் கையைப் பார்த்தது. அந்த இறுக்கத்துக்குக் கீழே எதையும் தெளிவாகத் தொட்டறிய முடியவில்லை. மலக்குடலில் மிகச் சிறிதளவு கரிய மலம் மட்டும் இருந்தது. பிறப்புறுப்பில் சீழோ கசிவோ இல்லை.

இது வாந்திதானா என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டியிருந்தது. வாந்தி என்றால் முன்னதாகக் குமட்டல் இருக்கும், உமிழ்நீர் வழியும், வயிறு உள்வாங்கி உள்வாங்கித் தள்ளும். உணவுக்குழாயிலிருந்து எதுக்களிக்கும்போது எந்த முயற்சியும் இல்லாமல், தலையைத் தாழ்த்தியதும் உணவு குழாய் வடிவிலேயே நழுவி விழும். இரண்டும் வீட்டாருக்கு ஒன்றாகவே தெரியும்; ஆனால் நோய்கள் வேறு. சாணவண்டைத் தின்பதாலும், அந்த வண்டைத் தின்ற கோழியின் குடலைத் தின்பதாலும் வரும் ஸ்பைரோசெர்கா புழு, உணவுக்குழாய்ச் சுவரில் கட்டி உண்டாக்கி எதுக்களிப்பைக் கொண்டுவரும். வெளியில் திரியும் நம் பக்கத்து நாய்களில் அதை எப்போதும் நினைவில் வைக்க வேண்டும். மகன் கைப்பேசியில் எடுத்திருந்த காணொளியைக் காட்டினார்கள்; வயிறு மூன்று நான்கு முறை இழுத்துத் தள்ளுவது அதில் தெளிவாகத் தெரிந்தது. வாந்திதான்.

எவையெல்லாம் காரணமாக இருக்கலாம்

நீடித்த வாந்திக்குக் காரணங்கள் பல. அவற்றில் பாதி இரைப்பைக்கும் குடலுக்கும் வெளியே இருப்பவை. கூட்டுத் தடுப்பூசி போடாத நாய் என்பதால் பார்வோ நினைவுக்கு வந்தது. ஆனால் அது பெரும்பாலும் ஆறு வாரம் முதல் ஆறு மாதம் வரையுள்ள குட்டிகளைத் தாக்குவது, சில நாள்களில் முற்றிவிடுவது, நாற்றமடிக்கும் இரத்தக் கழிச்சலோடு வருவது. மூன்று வாரம் விட்டு விட்டு வரும் நோய் அதுவல்ல. எலிச் சிறுநீர் கலந்த நீரால் பரவும் லெப்டோஸ்பைரா சிறுநீரகத்தையும் கல்லீரலையும் கெடுத்து வாந்தியைக் கொண்டுவரும். கண்ணின் வெள்ளையில் மஞ்சள் இருக்கிறதா என்று பார்த்தோம், இல்லை. உண்ணிக் காய்ச்சலுக்கு இரத்தப் பூச்சு எடுத்தோம்.

கொழுப்பு மிகுந்த கறியை ஒரே நேரத்தில் நிறையத் தின்றால் கணையம் அழற்சியடையும். கிடா வெட்டு முடிந்த மறுநாள்களில் வரும் வாந்தி நாய்களில் இதைத் தவறாமல் எண்ண வேண்டும். இந்த வீட்டில் அண்மையில் அப்படி விருந்து எதுவும் நடக்கவில்லை. கருத்தடை செய்யாத பெண் நாய், இனச்சேர்க்கைப் பருவம் முடிந்து ஆறு வாரம் ஆகியிருந்தது என்பதால், கருப்பையில் சீழ் கோக்கும் நோயை மிகுந்த கவனத்தோடு எண்ணிப் பார்த்தோம். பருவத்துக்குப் பின் நான்கு முதல் எட்டு வாரத்துக்குள் அது வரும். வாந்தி, மிகுதாகம், சோர்வு மூன்றும் சேர்ந்திருக்கும். சீழ் வெளியே வடியாத வகையில் வீட்டாருக்கு எந்த அடையாளமும் தெரியாது. அட்ரினல் சுரப்பிக் குறைபாடும் வந்து வந்து போகும் வாந்தியைத் தரக்கூடியதே. வலி மாத்திரை என்று மனிதர்களுக்கான டைக்ளோஃபெனாக்கோ ஐபுபுரூஃபனோ கொடுத்து, இரைப்பைப் புண்ணோடு வரும் நாய்களும் உண்டு. கேட்டதில், அப்படிக் கொடுக்கவில்லை என்றார்கள். எலி மருந்தோ பூச்சிமருந்தோ தின்றிருந்தால் மூன்று வாரம் தாங்கியிருக்காது.

இவற்றையெல்லாம் எண்ணிய பின்னும், காலைச் சோறு மாலையில் வருகிறது என்ற வரலாற்றுக்கும், கடைசி மூன்று நாளில் எல்லாமே மாறிப்போனதற்கும் ஒருங்கே பொருந்துவது ஏதோ ஒரு பொருள் இரைப்பையில் கிடந்து பின்னர் குடலுக்கு நகர்ந்திருக்கிறது என்ற ஐயமே. “ஏதாவது விழுங்கியதா?” என்று கேட்டதற்கு இருவரும் ஒரே குரலில் இல்லை என்றார்கள். அந்தப் பதிலை நான் முழுமையாக எடுத்துக்கொள்வதில்லை. தோட்டத்தில் அவிழ்த்து விட்ட நாய் நாள் முழுவதும் எதை மோப்பம் பிடித்துத் தின்கிறது என்பதை யாராலும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

ஆய்வகமும் படங்களும்

இரத்தத்தில் செவ்வணுக்களின் கன அளவு 58 சதவீதம். நீரிழப்பால் இரத்தம் கெட்டியானதன் அடையாளம் அது. ஆனால் கிரேஹவுண்டு போன்ற ஓட்ட நாய்களில் இந்த அளவு இயல்பிலேயே கூடுதல் என்பதால், மெலிந்த உடலும் நீண்ட காலும் கொண்ட இந்த நாட்டு இனத்திலும் அதை மட்டும் நம்பவில்லை. சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியாட்டினின் 1.9, சிறுநீர் நன்கு செறிந்திருந்ததால் சிறுநீரகம் கெடவில்லை, நீர் போதாமல்தான் அளவு உயர்ந்திருக்கிறது என்று கொண்டோம். முக்கியமான செய்தி உப்புகளில் இருந்தது: பொட்டாசியம் 2.9, குளோரைடு 92, இரண்டுமே இயல்பைவிடக் குறைவு. இரைப்பையின் அமிலம் திரும்பத் திரும்ப வெளியே கொட்டிப் போகும்போது குளோரைடும் பொட்டாசியமும் அதோடு போகும். அட்ரினல் குறைபாட்டில் பொட்டாசியம் பெரும்பாலும் உயர்ந்திருக்கும் என்பதால் அந்த ஐயம் வலுவிழந்தது. இரத்தப் பூச்சில் ஒட்டுண்ணி இல்லை. பார்வோ சோதனையும் எதிர்மறை.

எக்ஸ்ரேயில் எந்தப் பொருளும் தெரியவில்லை. எலும்பும் உலோகமும்தான் அதில் பளிச்சென்று தெரியும், கொட்டை, துணி, ரப்பர் பெரும்பாலும் தெரியாது. “எக்ஸ்ரே எடுத்தோம், ஒன்றுமில்லை” என்பதோடு பல நாய்கள் வீட்டுக்குத் திரும்பிவிடுவது இதனால்தான். பொருள் தெரியாவிட்டாலும் அதன் விளைவு தெரியும்: சிறுகுடலின் சில வளைவுகள் காற்றும் நீருமாக உப்பியிருந்தன, மற்றவை சுருங்கிக் கிடந்தன. ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்பின் உயரத்தைப் போல 1.6 மடங்குக்கு மேல் சிறுகுடல் விரிந்திருந்தால் தடையை ஐயுற வேண்டும். இங்கே அது இரண்டு மடங்கைத் தாண்டியிருந்தது. அடுத்துச் செய்த அல்ட்ராசவுண்டில், நடுச்சிறுகுடலுக்குள் வில்போல் வளைந்த ஒரு வெள்ளைக் கோடும், அதன் கீழே ஒலி ஊடுருவாத கருநிழலும் தெரிந்தன. அதற்கு முன்னால் இருந்த குடலில் நீர் முன்னும் பின்னும் அலைந்துகொண்டிருந்தது. பின்னால் இருந்த குடல் வெறுமையாக இருந்தது. கருப்பை இயல்பாக இருந்தது, கணையத்திலும் வீக்கமில்லை.

சிகிச்சை

தடை உறுதியான பின்னும் உடனே அறுவை மேசைக்கு எடுக்கவில்லை. பொட்டாசியம் குறைந்த நாய்க்கு மயக்கம் கொடுத்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். 15 கிலோ எடையில் 8 சதவீதம் என்றால் 1.2 லிட்டர் நீர் ஏற்கனவே குறைந்திருக்கிறது. அன்றாடத் தேவையாக ஏறத்தாழ 800 மில்லி அதற்கு மேல் வேண்டும். வீட்டார் “குளுக்கோஸ் ஏற்றுங்கள்” என்றார்கள். இந்த நாய்க்கு வேண்டியது சர்க்கரை நீரல்ல, உப்புநீர். 0.9 சதவீத உப்புக் கரைசலில் பொட்டாசியம் குளோரைடைக் கலந்து, கிலோவுக்கு மணிக்கு 0.5 மில்லிஈக்குவலன்ட்டைத் தாண்டாத வேகத்தில் இரவு முழுவதும் ஏற்றினோம். வலிக்கு டிரமடால் கொடுத்தோம். நீரிழப்புள்ள நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதால் அழற்சி எதிர்ப்பு வலி மருந்துகளைத் தவிர்த்தோம். விடிவதற்குள் இதயத் துடிப்பு 110-க்கு இறங்கியது, பொட்டாசியம் 3.6-க்கு ஏறியது, நாய் சிறுநீர் கழித்தது.

காலையில் புரோப்போபோல் ஊசியில் மயக்கி, ஐசோஃபுளூரேன் மயக்க வாயுவில் வைத்து, வயிற்றை நடுக்கோட்டில் திறந்தோம். உடலில் கொழுப்பு மிகக் குறைந்த ஓட்ட நாய்கள் தயோபென்டோன் என்ற மயக்க மருந்திலிருந்து தெளிய நெடுநேரம் எடுக்கும் என்பதால் அதைப் பயன்படுத்தவில்லை. இரைப்பையிலிருந்து பெருங்குடல் வரை குடலை முழுவதுமாகக் கையில் ஓட்டிப் பார்த்தோம். ஒன்று கிடைத்ததும் நிறுத்திவிட்டால் இரண்டாவது உள்ளேயே தங்கிவிடும். நடுச்சிறுகுடலில் ஒரே இடத்தில் தடை இருந்தது. அந்த இடத்தில் குடல் கருஞ்சிவப்பாக இருந்தாலும், தொட்டதும் சுருங்கியது, வெட்டிய ஓரத்தில் இரத்தம் கசிந்தது. எனவே குடலை வெட்டி நீக்கத் தேவையில்லை என்று முடிவு செய்தோம். பொருளின் மேலேயே கீறாமல், அதற்குச் சற்றுப் பின்னால் நலமாக இருந்த பகுதியில், இரத்த நாளங்கள் வந்து சேரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகக் கீறிப் பொருளை நழுவவிட்டு எடுத்தோம்.

வெளியே வந்தது மாங்கொட்டை. நீளம் ஆறு சென்டிமீட்டருக்குச் சற்று மேல். நாரெல்லாம் கரைந்து, ஓடு கறுத்து வழவழப்பாகி, ஒரு முனை மட்டும் கூராக நின்றது. கரையும் இழையால் ஒற்றை அடுக்கில் தைத்து, உப்புநீரைச் செலுத்திக் கசிவு இல்லை என்று பார்த்து, கொழுப்புத்திரையைத் தையல் மேல் போர்த்தி, வயிற்றை வெதுவெதுப்பான உப்புநீரால் கழுவி மூடினோம்.

அந்தக் கொட்டையைத் தட்டில் வைத்துக் காட்டியபோதுதான் வீட்டாருக்கு நினைவு வந்தது. ஆனி மாதத்தில் காற்றில் உதிர்ந்த கல்லாமை மாம்பழங்களைக் களத்து ஓரத்தில் குவித்திருந்ததாகவும், அங்கே இது பழத்தைக் கடித்து விளையாடிக்கொண்டிருந்ததாகவும் சொன்னார்கள். ஆக, கடைசி மூன்று நாள் தவிர மற்ற நாளெல்லாம் கொட்டை இரைப்பையில்தான் இருந்திருக்கிறது. மிதந்து வந்து கீழ்வாயிலை அடைத்தபோதெல்லாம் உணவு தேங்கி வாந்தியானது. விலகியபோது நாய் நலமாக இருந்தது. நார் கரைந்து அளவு குறைந்ததும் வாயிலைக் கடந்து, அதைவிடக் குறுகிய சிறுகுடலில் போய் இறுகியது. மூன்று நாளுக்கு முன் நோயின் போக்கு மாறியது அந்த வேளையில்தான்.

வாந்தி அடக்கும் மருந்து குறித்து

முதல் வாரத்திலேயே அல்ட்ராசவுண்டு செய்திருந்தால், கொட்டை இரைப்பையில் இருக்கும்போதே தெரிந்திருக்கும். இரைப்பையைத் திறந்து எடுப்பது குடலைத் திறப்பதைவிட ஆபத்துக் குறைந்தது. குடல் தையல் கசிந்தால் வயிற்றறை முழுவதும் சீழாகும். அந்த வாய்ப்பு கை நழுவியதற்குக் காரணம், ஊசி போட்டதும் வாந்தி நின்றதே. ஒண்டான்செட்ரான், மாரோபிட்டன்ட் போன்றவை வாந்தி உணர்வை அடக்கும், தடையை அகற்றாது. மெடோகுளோபிரமைடு இன்னும் மோசம்: அது இரைப்பையையும் மேற்குடலையும் முடுக்கிவிடும் என்பதால் தடை இருக்கும் இடத்தில் கொடுக்கவே கூடாது. இந்த மருந்துகள் வேண்டாதவை என்று நான் சொல்லவில்லை, தினமும் பயன்படுத்துகிறோம். ஆனால் வயிற்றைக் கையால் தொட்டுப் பார்க்காமல் முதல் ஊசியையும், படம் எடுக்காமல் இரண்டாவது ஊசியையும் போடக் கூடாது என்பதில் எனக்கு ஐயமில்லை.

எப்போது காத்திருக்கலாம், எப்போது கூடாது

வளர்ந்த நாய் ஒன்றிரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டு, வழக்கம்போல வாலாட்டி, தண்ணீர் குடித்து, மலம் கழித்துக்கொண்டிருந்தால், பன்னிரண்டு மணி நேரம் உணவை மட்டும் நிறுத்தி, தண்ணீரைச் சிறிது சிறிதாக வைத்து, பிறகு குழையவேக வைத்த சோற்றில் தோல் நீக்கிய கோழிக்கறியைக் கொஞ்சமாகப் பிசைந்து கொடுத்துப் பார்க்கலாம். புல்லைத் தின்று கக்குவதும் அன்றைக்கு அதோடு நின்றால் கவலையில்லை. குட்டிகளைப் பட்டினி போடக் கூடாது. அவற்றின் இரத்தச் சர்க்கரை விரைவில் இறங்கிவிடும். தடுப்பூசி முடியாத குட்டி வாந்தி எடுத்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

தண்ணீர்கூடத் தங்காவிட்டால், வாந்தி ஒரு நாளைத் தாண்டினால், வாந்தியில் இரத்தமோ காப்பித்தூள் போன்ற கரும்பொடியோ இருந்தால், மலம் நின்றுபோனால், வயிற்றைத் தொடவிடாவிட்டால், மறுநாள் வரை பொறுக்கக் கூடாது. பருவம் முடிந்து ஒன்றிரண்டு மாதமான பெண் நாய் மிகுதியாகத் தண்ணீர் குடித்து வாந்தி எடுத்தாலும் அப்படியே. வாந்தி லேசாக இருந்தாலும் வாரக்கணக்கில் வந்து வந்து போனால், இடையில் நாய் நலமாகத் தெரிகிறது என்பதை ஆறுதலாகக் கொள்ளாமல் முழுப் பரிசோதனை செய்ய வேண்டும். வயதான நாய்களில் சிறுநீரகச் செயலிழப்பு இப்படித்தான் தலைகாட்டும்.

எல்லாவற்றிலும் அவசரமானது, வாந்தி எடுக்க முயன்று முயன்று நுரை தவிர எதுவும் வராமல், வயிறு பலூன்போல உப்பும் நிலை. இரைப்பை உப்பி முறுக்கிக்கொண்டதன் அடையாளம் அது. நெஞ்சு ஆழமான சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் ஆகிய இனங்களை வளர்ப்பவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். நஞ்சு தின்றதாக ஐயம் இருந்தால் உப்புக் கரைசலையோ சோப்புத் தண்ணீரையோ வாயில் ஊற்றக் கூடாது. உப்பு இரத்தத்தில் சோடியத்தை ஏற்றி மூளையைத் தாக்கும்; மூச்சுக்குழாயில் போனால் நிமோனியா வரும். எலி மருந்துப் பொட்டலமோ, கடித்த அரளிக் கிளையோ, பூச்சிமருந்துப் புட்டியோ இருந்தால் அதைக் கையோடு கொண்டுவர வேண்டும். அதில் துத்தநாகப் பாஸ்பைடு இருந்தால் வாந்தியிலிருந்து நச்சு வாயு வெளிவரும் என்பதால், வண்டியின் சன்னல்களைத் திறந்துவைத்தே வர வேண்டும்.

வீட்டார் கொண்டுவரக்கூடிய வேறு பயனுள்ள பொருள்கள் வாந்தியின் காணொளியும், கடைசியாக உண்ட நேரத்துக்கும் வாந்திக்கும் இடைப்பட்ட நேரத்தைக் குறித்த ஒரு துண்டுத்தாளும்.

பின்தொடர்தல்

அறுவை முடிந்து பன்னிரண்டு மணி நேரத்தில் தண்ணீரும், மறுநாள் சோற்றுக் கஞ்சியும் கொடுக்கப்பட்டன. குடல் தையல் கசியும் ஆபத்து மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரை அதிகம் என்பதால் அந்த நாள்களில் நாயை மருத்துவமனையிலேயே வைத்திருந்தோம். காய்ச்சல் வரவில்லை, நான்காம் நாள் மலம் கழித்தது. பன்னிரண்டாம் நாள் தோல் தையல் பிரிக்கப்பட்டது. ஒரு மாதத்தில் எடை 17.4 கிலோ, கிரியாட்டினின் 1.0. அன்றே குடற்புழு மருந்தும் கூட்டுத் தடுப்பூசியின் முதல் தவணையும் கொடுக்கப்பட்டன. இரண்டாவது தவணை நான்கு வாரம் கழித்து. உதிர்ந்த பழங்களை இப்போது மூடியிட்ட பீப்பாயில் போடுகிறார்கள். கருப்பைச் சீழ் நோயைப் பற்றி அந்த அம்மாவே விரிவாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். அடுத்த பருவம் வருமுன் புரட்டாசியில் கருத்தடை செய்துகொள்ள முடிவாகியிருக்கிறது.